கல்தூண் பாரா

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய நீதிமன்றத் தட்டச்சர் அவர்களுக்கு,

மச்சான் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை, மன்னிக்கவும்.

ஐந்து வருஷம். உங்கள் தங்கச்சி சொல்லியிருப்பாள். என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே நீங்கள் சொன்னது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "ஒத்துக்கிட்டா பாதியாயிடும் மாப்ள. ரெண்டு, மிஞ்சிப் போனா ரெண்டரை. இருபத்திரண்டு வருஷமா கோர்ட்ல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் ஒத்துக்கொண்டேன். லிஃப்டின் பிரேக்கைத் திறந்து பார்க்காமலே 'சோதித்தேன்' என்று டிக் போட்டுக் கையெழுத்திட்டேன், மூன்றாம் நாள் அந்த லிஃப்டில் துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் நசுங்கிச் செத்தார் என்று எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். எதையும் மறுக்கவில்லை, சாட்சிகளை அலைக்கழிக்கவில்லை. அதற்குக் கிடைத்த பரிசு இது.

என் அறையில் ஒரு கிரேன்காரர் இருக்கிறார். அவர் தூக்கிய இரும்புக் கட்டு அறுந்து கீழே நின்றவர் மேல் விழுந்தது. கடைசி நாள் வரை நான் செய்யவே இல்லை என்று சாதித்தவர். அவருக்கு இரண்டு வருஷம். என் கோர்ட்டுக்கும் அவர் கோர்ட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கக் கதவில் நுழைந்திருந்தால் இரண்டு, இந்தப் பக்கக் கதவில் நுழைந்ததால் ஐந்து. அவர் என்னைப் பார்த்து பாவப்படுகிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தண்டனைக்கு முன்னால் "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்கள். நான்கு நிமிஷம் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசியதில்லை. நீங்கள் வருவதாகச் சொல்லியிருந்தீர்கள், வரவில்லை.

மேல்முறையீடு செய்ய வழி உண்டா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள். பார்க்க வர வேண்டாம்.

இப்படிக்கு,
கைதி எண் 2217


பிப்ரவரி 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என்னை 'மதிப்பிற்குரிய' என்று எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக யாரும் அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை. கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன்.

கோபம் நியாயம்தான். அன்றைக்கு எங்கள் கோர்ட்டில் எட்டு சாட்சி. நான் எழுந்தால் விசாரணையே நின்றுவிடும். வர வேண்டும் என்றுதான் இருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குற்றத்துக்குச் சட்டம் ஏழு வருஷம் வரை என்கிறது. ஒரு நாளுக்கும் ஏழு வருஷத்துக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பது அந்த நீதிபதியின் விருப்புரிமை. ஒருவர் பத்து வழக்கைப் பார்த்துவிட்டு இளகிப்போயிருப்பார், இன்னொருவர் அதே பத்தைப் பார்த்துவிட்டு இறுகிப்போயிருப்பார். நான் சொன்ன இரண்டு வருஷம் எங்கள் நீதிபதி ஐயாவை வைத்துச் சொன்னது. உங்கள் வழக்கு அவரிடம் வரும் என்று நினைத்துவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மேல்முறையீடு உண்டு, நல்ல வக்கீலாகப் பிடித்துவிட்டேன். ஆனால் ஒன்று. மேல்நீதிமன்றத்தில் இருப்பவர்கள் 'நானாக இருந்தால் குறைத்துக் கொடுத்திருப்பேன்' என்பதற்காக மட்டும் கை வைக்கமாட்டார்கள். கீழே இருப்பவர் சட்டத்தில் சறுக்கியிருக்க வேண்டும். அல்லது நடக்காததை நடந்ததாக நம்பியிருக்க வேண்டும். அல்லது கேட்டவுடன் தூக்கிவாரிப்போடுகிற அளவுக்கு அள்ளிக் கொடுத்திருக்க வேண்டும். ஏழில் ஐந்து யாரையும் தூக்கிவாரிப்போடாது. ஆகவே தீர்ப்பில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகலுக்கு மனுப் போட்டாயிற்று. வந்ததும் வக்கீல் உங்களுக்கு ஒன்று தருவார்.

உங்கள் பாப்பா நாலாம் வகுப்புக் கட்டுரைப் போட்டியில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவது வராததற்கு என்னைத் திட்டினாள். தலைப்பை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அன்புடன்,
மச்சான் (இன்னும்)


மார்ச் 2

தட்டச்சர் அவர்களுக்கு,

தீர்ப்பின் நகல் வந்தது. ஒன்பது பக்கம். எட்டேமுக்கால் பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் செய்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். கடைசிக் கால் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன், படியுங்கள்.

'தண்டனை குறித்துக் கேட்கப்பட்டபோது குற்றவாளி மறுமொழி ஏதும் கூறாமல் கல்தூணைப்போல் நின்றார். அவர் முகத்தில் வருத்தத்தின் சாயல்கூடத் தென்படவில்லை. இத்தகையோருக்குக் காட்டும் இரக்கம் சமுதாயத்துக்கு இழைக்கும் தீங்காகும்.'

யார் இந்தக் கல்தூண்? நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இதுவரை உங்கள் தங்கச்சிக்குக்கூடச் சொல்லவில்லை, இதை வக்கீல் கையில் கொடுத்தனுப்புவதால் உங்களுக்குச் சொல்கிறேன். டிக் போட்ட அன்று காலையில் அந்த அம்மா வாளியும் துடைப்பமுமாக என்னிடம் வந்து, "தம்பி, மூணாவது மாடியில நிக்கும்போது வழுக்குது, கொஞ்சம் பாருங்க" என்றார். பார்க்கிறேன் என்றேன். எனக்கு அன்றைக்குப் பதினொரு கட்டிடம். மொட்டை மாடி இயந்திர அறையின் சாவியும் வாட்ச்மேனிடம் இருந்தது, அவரைத் தேட வேண்டும். போன மாதத் தாளை வைத்துக்கொண்டு இந்த மாதத் தாளில் அதே டிக்குகளைப் போட்டேன். அவர் சொன்ன அதே மாடியில், காலை வெளியே வைக்கும்போது லிஃப்ட் நழுவியது.

போலீஸிடம் இதைச் சொல்லவில்லை. பயம். கட்டிட மேலாளர் என்ன வாக்குமூலம் கொடுத்தார் தெரியுமா? பராமரிப்பு நடக்கிறது என்று பலகை மாட்டியிருந்ததாம், அந்த அம்மா கவனிக்காமல் ஏறினாராம். நான் வேலையே செய்யவில்லை, பலகையை எதற்கு மாட்டப்போகிறேன்? அதையும் சேர்த்துத்தான் கூண்டில் நின்று சொன்னேன். நீதிபதி அடுத்த வழக்குக் கட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தட்டச்சர் நாற்காலி காலி. அவர் டீ குடிக்கப் போயிருந்தார் போலிருக்கிறது, உங்கள் இனத்தவர்.

என் வாயிலிருந்து அந்த உண்மை வெளியே வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் எங்கும் பதியவில்லை. வருத்தமே இல்லாதவன் என்று மட்டும் பதிந்திருக்கிறது.

2217


மார்ச் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், விரிவாக எழுத நேரமில்லை. மனு தாக்கல் ஆகிவிட்டது. நீங்கள் பேசியது பதிவாகவில்லை என்பதைத்தான் முதல் காரணமாக வைத்திருக்கிறார் வக்கீல். ஆனால் 'பேசினார் என்பதற்கு என்ன ஆதாரம், தீர்ப்பில் பேசவில்லை என்றல்லவா இருக்கிறது' என்று கேட்பார்களாம். தீர்ப்பில் இருப்பதை மேல்நீதிமன்றம் அப்படியே நம்பும், அதுதான் முறை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 21

மாப்பிள்ளை,

இதை வக்கீல் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் உங்கள் சிறை ஆபீசில் பிரித்துப் படிப்பார்கள். ஐந்து வாரமாக இதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

அந்தப் பாரா என்னுடையது.

உங்கள் நீதிபதியை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் நீங்கள் எழுதியனுப்பிய முதல் வரியைப் படித்தபோதே மூன்றாவது வரி என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது அது. எங்கள் அப்போதைய ஐயா தீர்ப்பைச் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். கடைசியில் தண்டனைப் பகுதி வரும்போது, "வழக்கமானதைப் போட்டுக்கய்யா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். வழக்கமானது என்று ஒன்று இருந்தால்தானே? நானே எழுதினேன். அப்போது எனக்கு எழுத்தாளன் ஆகிற ஆசை வேறு. 'கல்தூணைப்போல்' என்று போட்டுவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஐயா சாப்பிட்டு வந்து படித்துவிட்டு, "நல்லாத்தான்யா எழுதியிருக்கே" என்று கையெழுத்துப் போட்டார். அன்றைக்குத் தண்டனை வாங்கியவர் மேல் ஏதோ திருட்டு வழக்கு. அவர் அழுதாரா, பேசினாரா, நின்றாரா, எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

அப்புறம் பக்கத்துக் கோர்ட்டுத் தட்டச்சர் கேட்டார், கொடுத்தேன். அவர் மாற்றலாகிப் போகும்போது எடுத்துக்கொண்டு போனார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற பென்டிரைவில் அதற்குத் தனியாக ஒரு கோப்பு இருக்கிறது. எங்களுக்குள் அதற்குப் பெயரே 'கல்தூண் பாரா'. யாராவது பாராட்டினால் நான் தலையைக் குனிந்துகொண்டு பெருமைப்படுவேன்.

இந்த ஐந்து வாரத்தில் பழைய தீர்ப்புகளைத் தோண்டிப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் முப்பத்தெட்டுப் பேர் கல்தூணைப்போல் நின்றிருக்கிறார்கள். அதில் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தவர். கையெழுத்துப் போட்ட எந்த நீதிபதிக்கும் அது உறுத்தவில்லை. எனக்கும்தான்.

வக்கீலிடம் சொன்னேன். அவர் குதிக்காத குறை. நடக்காததை நடந்ததாக நம்பித் தண்டனை கொடுத்ததற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா என்கிறார். நான் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், அந்த முப்பத்தெட்டையும் இணைத்து. கொடுத்தால் என் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும். தலைமை எழுத்தர் பதவி உயர்வுப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிப்பதற்கே வெட்கமாக இருக்கிறது.

உங்கள்
மச்சான்


ஏப்ரல் 29

மச்சான்,

இந்த ஒரு கடிதத்தில் உங்களை மச்சான் என்று கூப்பிடுகிறேன், ஏனென்றால் திட்டப்போகிறேன். அந்நியரைத் திட்ட எனக்கு வராது.

நான் எதற்காக உள்ளே இருக்கிறேன்? பார்க்காமல் டிக் போட்டதற்கு. போன மாதத் தாளைப் பார்த்து இந்த மாதத் தாளை நிரப்பியதற்கு. அதைத்தானே நீங்களும் செய்தீர்கள்? அதைத்தானே அந்த முப்பத்தெட்டுத் தீர்ப்பிலும் கையெழுத்துப் போட்ட நீதிபதிகளும் செய்தார்கள்? எனக்கு ஐந்து வருஷம், உங்களுக்குத் தலைமை எழுத்தர் பதவி. என்னைக் கூண்டில் ஏற்றி, கவனக்குறைவு என்றால் என்னவென்று ஒன்பது பக்கத்துக்குப் பாடம் எடுத்த அந்த மனிதர், அந்த ஒன்பதாவது பக்கத்தையே படித்துப் பார்க்கவில்லை.

இங்கே கவர் ஒட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நானூறு. பசை காயவில்லை என்றால் மேற்பார்வையாளர் தூக்கி முகத்தில் எறிகிறார். ஒரு பழுப்புக் கவருக்கு இருக்கிற கவனிப்பு எனக்கு இல்லை. இதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்துத் தாடை வலிக்கிறது.

பத்திரம் கொடுங்கள் என்று நான் கெஞ்சமாட்டேன். நீங்களே முடிவு செய்யுங்கள். கொடுக்கவில்லை என்றால் அதையும் உங்கள் தங்கச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் ஒவ்வொரு வாரமும் இங்கே வந்து, "அண்ணன் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்ட எனக்குத் தெம்பில்லை.

2217


ஜூலை 14

மாப்பிள்ளை,

கொடுத்துவிட்டேன். உங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், கொடுத்த பிறகுதான் எழுதுவது என்று இருந்தேன். மே மாதம் முழுக்க மனசு வரவில்லை. ஜூன் கடைசி நாள் கொடுத்தேன். அடுத்த வாரமே விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது, பட்டியலிலிருந்து பெயரை எடுத்தாயிற்று. பென்டிரைவில் என்னிடமிருந்து அந்தப் பாராவை வாங்கிக்கொண்டு போனவர்களே இப்போது என்னோடு டீ குடிக்க வருவதில்லை.

நேற்று மேல்நீதிமன்றத்தில் விசாரணை. மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர் நம் வக்கீலைப் பார்த்து, "நான் விசாரிச்சிருந்தா இவருக்கு ரெண்டு வருஷம் கொடுத்திருப்பேன்" என்றார். உடனே அடுத்த வரி. "ஆனா நான் விசாரிக்கலையே. அவரோட விருப்புரிமையில என்னோட விருப்பத்தைத் திணிக்க முடியாது." இரண்டு வருஷம் என்று அவர் வாயால் சொல்லியும் அதைக் கையில் கொடுக்கவில்லை. எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், எழுந்திருக்கவில்லை.

பத்திரம் வேலை செய்தது. குற்றவாளி பேசியதைக் கேட்காமலும், வேறு யாருக்கோ எழுதிய பாராவைப் போட்டும் கொடுத்த தண்டனை செல்லாது என்று ரத்து செய்துவிட்டார்கள். சந்தோஷப்படாதீர்கள், அவசரம் வேண்டாம். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. தண்டனையை மட்டும் மறுபடி கேட்டு முடிவு செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். யாரிடம்? அதே நீதிபதியிடம். வேறொருவரிடம் அனுப்பக் கூடாதா என்று வக்கீல் கேட்டதற்கு, அவர் ஒருமுறை கவனிக்கவில்லை என்பதால் இனி கவனிக்கமாட்டார் என்று ஆகிவிடாது என்றார்கள்.

இப்போது நான் கேட்கப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள். இதையும் வக்கீல் கையில்தான் அனுப்புகிறேன். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி உங்களை மறுபடி கேட்பார்கள். அந்த அம்மா காலையில் எச்சரித்ததைச் சொல்லாதீர்கள். அது கோர்ட்டுக் காகிதம் எதிலும் இல்லை. நம் மனுவில்கூட நீங்கள் பேசினீர்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது, என்ன பேசினீர்கள் என்பது இல்லை. அதைச் சொன்னால் கவனக்குறைவு என்பது போய், தெரிந்தே விட்டுவிட்டார் என்று ஆகிவிடும். வருந்துகிறேன், குழந்தை சிறியவள், முந்தைய குற்றம் கிடையாது என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் என்று மேலே உட்கார்ந்திருப்பவர் சொன்னது இவர் காதுக்கும் போயிருக்கும். ஏற்கெனவே கழித்ததையும் நன்னடத்தைக் கழிவையும் சேர்த்தால் அடுத்த வருஷமே வீடு.

பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மச்சான்


ஜூலை 27

மச்சான்,

திட்டுவதற்காக இல்லை, சும்மாதான் இப்படிக் கூப்பிட்டேன். பத்திரம் கொடுத்ததற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னதைத்தான் கிரேன்காரரும் சொல்கிறார். வக்கீலும் சொல்கிறார். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். காலையில் கவர் ஒட்டும்போது சொல்லக்கூடாது என்று முடிவாகிறது, சாயங்காலம் கதவு பூட்டும்போது அது அழிந்துபோகிறது.

கூண்டில் நான் சொன்னதை உங்கள் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் போனை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள், இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருந்தது. போன வாரம் வரவில்லை. இந்த வாரம் வந்தாள். நீங்கள் சொன்னபடி இருந்துவிடச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். "அந்தம்மாவுக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். அப்புறம் பாப்பாவின் பள்ளிக்கூடச் சப்பாத்து சின்னதாகிவிட்டது என்று பேசிவிட்டுப் போனாள்.

இருபத்தெட்டாம் தேதி வருவீர்களா?

உங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 1

மாப்பிள்ளை,

வந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வராமலே இருந்திருக்கலாம் என்று நாலு நாளாக நினைக்கிறேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதர் மேஜையில் வேறு ஒரு கட்டுகூட இல்லாமல், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் கையாலேயே எழுதத் தயாராக இருந்தார். மேலிருந்து குட்டு வாங்கியவர், பயம் இருக்கத்தானே செய்யும். நீங்கள் ஆரம்பித்தீர்கள். வருத்தம் சொன்னீர்கள், குழந்தையைச் சொன்னீர்கள், அங்கேயே நிறுத்தினீர்கள். வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். நீதிபதி எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "போன தடவை நாலு நிமிஷம் பேசினதா சொல்றாங்க. இது ஒரு நிமிஷம்கூட ஆகலையே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் தெரியுமா? அவ்வளவுதான் ஐயா என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை.

ஒரு மணி நேரம் பேசினீர்கள். பலகை மாட்டவே இல்லை என்பதிலிருந்து வாளி எந்த நிறம் என்பது வரைக்கும் சொன்னீர்கள்.

நாலு வருஷம். பத்திரத்துக்காக என் பதவி உயர்வு போயிற்று, இத்தனை மாதம் தங்கச்சி அலைந்தாள், மேலே மூன்று பேர் உட்கார்ந்து ரத்து செய்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வருஷம் குறைந்திருக்கிறது. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று குறைந்திருக்கும். பாப்பா ஏழாம் வகுப்பையோ எட்டாம் வகுப்பையோ தொட்டிருப்பாள் நீங்கள் வரும்போது. எனக்கு வருகிற ஆத்திரத்தில் இந்தத் தாளைப் பேனா கிழிக்கிறது, பாருங்கள்.

மறுபடி மேல்முறையீடு செய்யலாம். மனுவைத் தயாராக வைத்துவிட்டேன், கையெழுத்துதான் பாக்கி. கடைசி நாள் செப்டம்பர் இருபத்தேழு. ஆனால் வக்கீல் உத்தரவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இதை மேலே யாரும் தொடமாட்டார்கள் என்கிறார். ஒவ்வொரு வருஷத்துக்கும் காரணம் எழுதியிருக்கிறதாம்.

மச்சான்


செப்டம்பர் 10

அன்புள்ள மச்சான்,

கோபப்படுங்கள். உங்களுக்கு உரிமை இருக்கிறது. எனக்கே என் மேல் கோபம் இருக்கிறது. பாப்பாவின் படத்தை மூன்று நாளாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக. ஆனால் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. நான் பேசுவேன் என்று காத்திருந்தார். அந்த அம்மா செத்த நாளிலிருந்து யாராவது அப்படி என்னிடம் கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். கேட்ட பிறகு அவ்வளவுதான் ஐயா என்று சொல்ல வாய் வரவில்லை.

உத்தரவை நீங்கள் படித்தீர்களா? வக்கீல் சொன்னதை மட்டும்தான் கேட்டிருப்பீர்கள். கவனக்குறைவு மட்டும் என்றால் இரண்டு ஆண்டு போதும் என்று எழுதியிருக்கிறார். எச்சரித்த பிறகும் பார்க்காமல் விட்டதால் அது ஐந்து ஆகிறது என்கிறார். 'இந்த உண்மை இவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. தானாக முன்வந்து சொன்னதால் ஓராண்டைக் குறைக்கிறேன்' என்று முடிக்கிறார். போன தடவை கவனிக்காததற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. அதைப் படிக்கும்போது மறுபடி தாடை வலித்தது. ஆனால் இதில் நிற்பது நான். கல்தூண் இல்லை.

மனுவில் கையெழுத்துப் போட எனக்கு மனமில்லை. போட்டால் என்ன சொல்லிக் கேட்பது? நான் சொன்னதைக் கேட்டுவிட்டார்கள் என்றா? ஆனால் தனியாக முடிவெடுக்க எனக்கு அருகதை இல்லை. பதவி உயர்வை விட்டுக்கொடுத்தவர் நீங்கள், நாலு வருஷம் தனியாக இருக்கப்போகிறவள் உங்கள் தங்கச்சி. இரண்டு பேரும் போடச் சொன்னால் போடுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


செப்டம்பர் 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என்னை மாற்றிவிட்டார்கள். உங்கள் வழக்கு நடந்த அதே வளாகத்தில், தரைத்தளத்தில், நகல் பிரிவு. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, ஜன்னலில்லாத அறை கொடுத்துப் புரியவைத்தார்கள். யாராவது நகல் கேட்டு மனுப் போட்டால், மூலத்தை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் நகலோடு ஒத்துப்பார்த்து முத்திரை குத்த வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தட்டச்சு செய்ததை நான் படிக்கிறேன்.

நேற்று முன்தினம் ஒரு மனுவை எடுத்தேன். உங்கள் உத்தரவு. மனுதாரர் அந்த அம்மாவின் மகள். கூட இருந்தவர் லீவு, அதனால் நானே படித்து நானே ஒத்துப்பார்த்தேன். ஆறு பக்கம். வேண்டுமென்றே குறை தேடினேன், வக்கீலுக்குக் கிடைக்காத ஓட்டை எனக்காவது கிடைக்காதா என்று. எங்கேயும் பழைய வரி ஒன்றுகூட இல்லை. மாற்றி எழுதி அடித்த இடங்கள் இருக்கின்றன. ஐந்து என்று எழுதி, அதை அடித்து மூன்று என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு மறுபடி ஐந்து என்று எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் மனிதர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது.

அந்தப் பெண் நேற்று வாங்க வந்தது. இருபது வயதிருக்கும், ஏதோ கடையின் சீருடையில் இருந்தது. முத்திரை குத்தி கவுண்டர் வழியாகக் கொடுத்தேன். போகாமல் நின்றது. "சார், இதுல எங்கம்மா சொன்னது எந்தப் பக்கம்?" என்று கேட்டது. நாலாவது பக்கம் என்றேன். அந்தப் பக்கத்தைத் திருப்பி அங்கேயே நின்று படித்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நான் அவர்களைப் பொறுக்கச் சொன்னேன்.

படித்து முடித்துவிட்டு என்னிடம்தான் சொன்னது, கவுண்டருக்கு இந்தப் பக்கம் வேறு யாரும் இல்லையே. "போர்டைப் பாக்காம ஏறினது எங்கம்மா தப்புன்னு சொல்லிட்டாங்க சார். எங்க வீட்லயும் அதையே நம்பிட்டாங்க. நானும்தான்."

நான் யார் என்று அதற்குத் தெரியாது. சொல்லவும் இல்லை. வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நாலு வருஷம் நாலு வருஷம்தான், பாப்பா கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இன்று சாயங்காலம் தங்கச்சியைப் போய்ப் பார்த்து, அந்தப் பெண் வந்ததைச் சொன்னேன். நாளைதான் கடைசி நாள், உன் முடிவென்ன என்று கேட்டேன். அவள் பாப்பாவின் புதுச் சப்பாத்துக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அந்தப் பொண்ணு படிச்சதை நீ மறுபடி மேல அனுப்பி மாத்தச் சொல்லப் போறியா அண்ணா?" என்றாள்.

வக்கீலிடம் போய் மனுவைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பார்க்க வருகிறேன். வர வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன்.

மச்சான்